ஆஃப்காமுக்கு ஒரு திறந்த மடல்: பூட்டு போட்ட கதவுக்கு எதுக்குங்க நேரம் காலம்?

பிரிட்டன்ல டிவிக்கு ரூல் போடுற ஆஃப்காமோட ஆபீஸ், அந்த ரிவர்சைட் ஹவுஸ்ல இருக்குற அய்யாமாரே, அம்மாமாரே, வணக்கம். பின் நம்பர் போட்டு பூட்டுன அடல்ட் சேனலுக்கு நேரக்கட்டுப்பாடு எதுக்குன்னு கேக்கத்தான் இந்த மடல்.

உங்கள்ல யாருக்காவது தமிழ் படிக்க வருமான்னு தெரியல, பரவால்ல, லண்டன்ல ஈஸ்ட் ஹாம்லயும் ஹாரோலயும் இருக்குற நம்ம தமிழ் ஆளுங்க படிப்பாங்க, அதுல பாதிப்பேர் "ஏன்டா, எழுத வேற விஷயமே கெடைக்கலியா உனக்கு"ன்னு கேப்பாங்க. நான் லண்டனுக்கு படிக்க வந்த புதுசுல பார்ட் டைமா வேலை பாத்தது ஒரு அடல்ட் சாட் சேனலோட கன்ட்ரோல் ரூம்ல, அதாவது பாக்குறவங்க காசு குடுத்து போன் பண்ணி திரைல இருக்குற பொண்ணுகிட்ட பேசுற சேனல். ஊருக்கு போன் பண்ணா "டிவில வேலைம்மா"ன்னு சொல்வேன், எந்த டிவின்னு அம்மா கேக்கும்போது சரியா லைன் கட் ஆயிடும்.

உங்க ரூல் எப்படி நடைமுறைக்கு வருதுன்னு நீங்க பேப்பர்ல பாத்திருப்பீங்க, நான் மானிட்டர்ல பாத்தேன். பகல் ஷிப்ட்ல வர்ற பொண்ணு ஜீன்ஸும் டாப்ஸும் போட்டுக்கிட்டு கைல போன வச்சு சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும், எதுக்கு போன் பண்ணணும்னு ஜாடையா கூட சொல்லிடக்கூடாது, கேமராவ கிட்ட கொண்டு போனா பின்னாடி இருந்து சத்தம் வரும். மானிட்டருக்கு கீழ செலோடேப் போட்டு ஒரு ஏ4 பேப்பர் ஒட்டிருந்துச்சு, எதெல்லாம் கூடாதுன்னு. ராத்திரி 9 மணி ஆயிட்டா எல்லாம் சரின்னு நெனச்சேன், அதுவும் கெடையாது, வாட்டர்ஷெட், அதாவது பெரியவங்களுக்கானத போட ஆரம்பிக்கலாம்ங்கிற அந்த 9 மணி எல்லை, அத தாண்டுன உடனே திடீர்னு மாறக்கூடாதுன்னு உங்க ரூல் புக்கான கோட்லயே இருக்கு, அதனால மேல போட்டுருக்குற கவுனோட முடிச்சு எப்ப அவுரணும்ங்கிறதுக்கு முகூர்த்தம் குறிக்கிற மாதிரி ஒருத்தர் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிப்பாரு. 9 தாண்டி 10 நிமிஷம், 15 நிமிஷம், "இன்னும் இல்ல, இன்னும் இல்ல"ன்னு கைய காட்டுவாரு. அந்த பொண்ணு ஆவ்னு கொட்டாவி விடும். எல்லாம் ரெக்கார்ட் ஆகிட்டே இருக்கும், 60 நாள் வரைக்கும் வச்சிருக்கணும், நீங்க கேட்டா எடுத்துக் குடுக்கணும்.

அந்த 9 மணி ரூல் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். 1964ல இருந்து இந்த நாட்ல அது இருக்கு. காசு கட்டாம யார் வேணா ரிமோட்ட அமுக்கி பாக்குற சேனல்னா ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்க கண்ல படும், பகல்ல வேணாம்னா வேணாம்தான். பகல்ல நிர்வாணமே கூடாதுன்னும் நீங்க சொல்லல, சூழ்நிலை அதுக்கு நியாயம் சொல்லணும்னுதான் சொல்றீங்க, பிரசவத்த காட்டுற டாக்குமென்டரி பகல்ல வந்தா ஒருத்தரும் சண்டைக்கு வரப்போறதில்ல. நியாயமான ரூல்.

ஆனா 2010ல ஒரு வேலை பண்ணீங்க பாருங்க. போன் பண்ண சொல்ற சேனல் எல்லாம் நிகழ்ச்சியே இல்ல, டெலிஷாப்பிங்னு சொல்லி விளம்பர ரூல் பக்கம் தள்ளி விட்டீங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், உண்மையிலயே அது விக்கிற கடைதான், நானே பாத்திருக்கேன், பேசுறது ஒன்னுமே இருக்காது, மீட்டர் மட்டும் ஓடும். ஆனா கடைன்னு ஆக்கிட்டா சூழ்நிலைன்னு பேசுறதுக்கே எடம் இல்லாம போயிடுது. சேனல் 4 காரங்க 2016ல ஒரு டேட்டிங் ஷோ ஆரம்பிச்சாங்க, முழு நிர்வாணம், ராத்திரி 10 மணிக்கு, பூட்டு கீட்டு ஒன்னும் கெடையாது, புகார் வந்தும் ரூல் மீறல்னு நீங்க சொல்லல. அதே நேரத்துல சாட் சேனல்ல அதுல கால்வாசி தெரிஞ்சாலும் ஃபைன். ஃபைன்னா சும்மா இல்ல, 2010ல பேங் மீடியாங்கிற கம்பெனிக்கு 1,57,250 பவுண்டு தீட்டி, அந்த நவம்பர்லயே லைசென்ஸையும் புடுங்குனீங்க. அவங்க திரும்ப திரும்ப மீறுனாங்க, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல.

இப்ப என் கேள்விக்கு வரேன், இதுக்குத்தான் இவ்ளோ நீட்டுனேன். மாசா மாசம் காசு கட்டி, பின் நம்பர் போட்டாத்தான் தொறக்கும்ங்கிற சேனலும் இருக்கு, அதுக்கும் அடல்ட் படம்னா ராத்திரி 10ல இருந்து காலைல 5:30 வரைக்கும்தான்னு வச்சிருக்கீங்க. சரி, பின் நம்பர் மேல நம்பிக்கை இல்லன்னு நெனச்சா, 2018ல நீங்களே ரூல மாத்தி, கட்டாய பின் நம்பர் இருந்தா 9 மணிக்கு மேல வர வேண்டியத பகல்லயே போடலாம்னுட்டீங்க. கழுத்த அறுக்குற சீன், ரத்தம், கெட்ட வார்த்தை எல்லாம் மத்தியானம் 2 மணிக்கு பின் நம்பர் போட்டு பாக்கலாம். அடல்ட் படத்துக்கு மட்டும் அந்த சலுகை கெடையாது. அதே செட்டாப் பாக்ஸ், அதே நாலு நம்பர். கொலைக்கு தாங்குற பூட்டு இதுக்கு மட்டும் ஏன் தாங்காது?

நைட் ஷிப்ட் முடிச்சு பகல்ல வீட்ல இருக்குற பஸ் டிரைவர், நர்ஸ், பேக்கரில வேலை பாக்குறவங்க, இவங்க ராத்திரியே மத்தவங்களுக்கு பகல்தான். காசு கட்டுனவங்க, வயசுக்கு வந்தவங்க. அவங்க கதவ சாத்திக்கிட்டு காலைல 11 மணிக்கு என்ன பாத்தா என்ன?

அதுவும் இப்ப ஆன்லைனையும் நீங்கதான் பாக்குறீங்க. 2025 ஜூலை 25ல இருந்து ஆபாச சைட்டுக்கெல்லாம் வயசு செக் கட்டாயம்னு கொண்டு வந்தீங்க, நல்ல விஷயம். அங்க வயச மட்டும்தான் கேக்குறீங்க, மணி என்னன்னு கேக்கல. போன்ல மத்தியானம் 2 மணிக்கு வயச காட்டிட்டு பாக்கலாம், டிவில பின் நம்பர் போட்டாலும் 10 மணி வரைக்கும் காத்திருக்கணும். ரெண்டு ரூலும் ஒரே ஆபீஸ்ல இருந்து வருது.

காலையில இருந்தே தொறந்து விடுங்கன்னு கூட நான் கேக்கல. கோட்ல இருக்குற 1.18ம் நம்பர் ரூல அடுத்த தடவ எடுக்கும்போது, பின் நம்பர் இருந்தும் இந்த நேரக்கட்டுப்பாடு எதுக்குன்னு ஒரு பாராவாவது காரணம் எழுதுங்க. "அப்படியே இருந்துட்டு போகட்டும்"ங்கிறதுதான் காரணம்னா அதையே எழுதிடுங்க. இங்கிலீஷ்லயே எழுதுங்க, ஈஸ்ட் ஹாம் காரங்களுக்கு நான் மொழிபெயர்த்து சொல்லிக்கிறேன்.

இப்படிக்கு,
அந்த ஏ4 பேப்பர மனப்பாடம் பண்ண ஒருத்தன்