போத்தலைக் கொண்டுவந்த அக்காவுக்கு

சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் பிழைத்து வந்ததற்கு நிறைய பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு.

சனிக்கிழமை இரவு குடித்துவிட்டுப் படுத்தவர், மறுநாள் மதியம்வரை தலைவலி என்று மட்டும்தான் சொன்னார். சாயங்காலம் விளக்கைப் போட்டால், "ஏன் வீடெல்லாம் புகையா இருக்கு?" என்று கேட்டார். மூச்சு இரைத்தது. இதைக் கேட்ட ஓய்வுபெற்ற டிரெஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) ஐயா, "2018-ல சிலாங்கூர்ல கள்ளச் சம்சு (மலிவுச் சாராயம்) குடிச்சு எத்தனை பேர் செத்தாங்க, கண்ணு மங்குதுன்னா உடனே கிளம்பு" என்று விரட்டினார். வேன் ஓட்டிய தம்பி பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேஸ்டிரிக், டாக்டர்." குடித்ததைச் சொல்ல வெட்கம். அக்கா என்னை நகர்த்திவிட்டு, பையிலிருந்து அவர் குடித்த போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் ஒரு விரல் உயரம் மிச்சம் இருந்தது.

அதில் இருந்தது மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுமாம். கண் நரம்பைக் கெடுப்பதும் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டுவதும் அதுதான். மாறுவதைத் தடுக்கக் குழாய் வழியே நல்ல ஆல்கஹாலையே கொடுத்தார்கள் (குடிக்குக் குடியே மருந்து, என்ன கொடுமை!). அப்புறம் மெத்தனாலையும் அமிலத்தையும் சேர்த்து வெளியேற்ற டயாலிசிஸ்.

ரத்த அழுத்தம் விழுந்ததில் சிறுநீரகமும் அடிபட்டு, சிறுநீரே நின்றுவிட்டது. அதற்காக டயாலிசிஸ் தொடர்ந்தது. ஒன்பதாம் நாள், சிறுநீர் சேரும் பையின் அடியில் கொஞ்சம், வரக்காப்பி நிறத்தில். மலாய் தாதி ஓடி வந்து, "சுடா கெஞ்சிங், காக்!" (சிறுநீர் வந்துவிட்டது, அக்கா!) என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளையை மறக்க மாட்டேன். அன்றைக்கு அழுததுபோல் நான் அதற்கு முன் அழுததில்லை.

இப்போது டயாலிசிஸ் இல்லை, ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் போகிறோம். பார்வை முழுசாகத் திரும்பவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட்ட லயத்து வீடுகளுக்கும், சம்பள முன்பணம் தந்த மண்டோருக்கும் (மேற்பார்வையாளர்) நன்றி.

அக்கா, அன்றைக்கு உங்களை முறைத்தேன், ரெண்டு நாள் பேசவும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் சோற்று டப்பா மூன்று என்னிடம்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.