இளம் கட்டடக் கலைஞர்கள் கம்போடியாவின் அங்கோரில் தங்கிப் பயில வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக் கல்வி பற்றித் தமிழ் நாளிதழ்கள் வெளியிடும் வழிகாட்டிப் பக்கங்களில், பட்டப்படிப்புக்கான கல்வி உதவித்தொகையும் கட்டடக் கலைஞர்களுக்கான உறைவிட ஃபெல்லோஷிப்பும் ஒரே பட்டியலில் இடம்பெறுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். முன்னதில் பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் உண்டு. பின்னதில் தங்க ஓர் அறையும், வேலை செய்ய ஓர் இடமும், மாதச் செலவுக்குப் பணமும், சில மாதங்கள் முதல் ஓராண்டு வரையான நேரமும் மட்டுமே கிடைக்கும். இந்த வேறுபாட்டை எவரும் எடுத்துச் சொல்லாததால், ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் "இதற்குச் சான்றிதழ் உண்டா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் விலகிவிடுகின்றனர்.

கட்டடக் கலைஞரை வெளியூரில் தங்கிப் பயில அனுப்பும் வழக்கத்தின் மூத்த வடிவம் ரோமில் இருக்கிறது. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1666இல் அங்கே பிரெஞ்சு அகாதெமியை நிறுவினார். 1720 முதல் கட்டடக்கலைக்கும் போட்டி வைத்து, வென்றவரை அரசுச் செலவில் அனுப்பினார்கள். 1803இல் அகாதெமி வில்லா மெடிச்சி மாளிகைக்கு இடம் மாறியது. பண்டைய கட்டடங்களை அளந்து வரைந்து பாரிசுக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்கே தங்கியவர்களுக்கான விதி. அந்த விதியோடு மோதியவர்களிடமிருந்துதான் நாம் கற்க வேண்டியது அதிகம். 1824இல் பரிசு பெற்ற ஆன்றி லப்ரூஸ்த், தென் இத்தாலியின் பேஸ்தும் கோயில்களை வரைந்து அனுப்பியபோது, அவை எந்த வரிசையில் கட்டப்பட்டன, எதற்குப் பயன்பட்டன என்பது பற்றி அவர் வந்தடைந்த முடிவுகள் அகாதெமிப் பெரியவர்கள் போற்றிய கோட்பாட்டுக்கு ஒவ்வாமல் போயின. பெரும் சச்சரவு மூண்டது. நாடு திரும்பிய பின் பெரிய அரசுப் பணி ஏதும் பல ஆண்டுகள் அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் அதே லப்ரூஸ்த்தான் 1850இல் முடிந்த பாரிசின் சேன்ட் ஜெனவியேவ் நூலகத்தில், வாசிப்புக் கூடத்தின் இரும்புத் தூண்களையும் வளைவுகளையும் மறைக்காமல் நிறுத்தினார். 1899இல் வென்ற டோனி கார்னியேயோ, பழங்கட்டடங்களை வரைய அனுப்பப்பட்ட இடத்தில் அமர்ந்து, ஒரு தொழில் நகரத்தையே திட்டமிட்டார். பாரிசில் அதை முதலில் ஏற்கவில்லை. அவர் பின்னர் லியோன் நகருக்குக் கட்டியவற்றில் அத்திட்டத்தின் கூறுகள் பல இடம்பெற்றன.

அமெரிக்கர்கள் 1894இல் ரோமில் தமக்கென ஓர் அகாதெமி தொடங்கினர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் 1950-51இல் அங்கே தங்கினார். (அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது, மூத்த விருந்தினராகவே அழைக்கப்பட்டிருந்தார்.) ரோமானிய இடிபாடுகளையும், அங்கிருந்து பயணம் சென்று எகிப்தையும் கிரேக்கத்தையும் பார்த்த அம்மாதங்களுக்குப் பிறகே அவருடைய கட்டடங்களில் கனமான சுவரும் ஆழ்ந்த நிழலும் வந்தன என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுக்கருத்து. அவர் வடிவமைத்த அகமதாபாத் ஐஐஎம் வளாகத்தின் செங்கல் வளைவுகளைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

ஆனால் இவ்விடங்களில் பல, அந்தந்த நாடு தன் பிள்ளைகளுக்காக ஏற்படுத்திக்கொண்டவை. அமெரிக்க அகாதெமியின் ரோம் பரிசு இன்றும் பெரும்பாலும் அமெரிக்கர்களுக்கே உரியது. வில்லா மெடிச்சி பிரெஞ்சு பேசும் பிற நாட்டவருக்கும் இடமளிக்கிறது. புதுச்சேரி மாணவர்கள் இதைக் கவனிக்கலாம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கருகே 1990இல் திறக்கப்பட்ட சோலிட்யூட் அகாதெமியும், வியன்னாவின் மாக் அருங்காட்சியகம் 1995 முதல் லாஸ் ஏஞ்சல்ஸில், கட்டடக் கலைஞர் ருடால்ஃப் ஷிண்ட்லர் 1939இல் கட்டிய அடுக்ககத்தில் நடத்திவரும் திட்டமும் பல நாட்டினரை ஏற்பவை. ஆகவே எதற்கு யார் விண்ணப்பிக்கலாம் என்னும் ஒரு வரியைத் தங்கள் பக்கத்தில் ஒவ்வொரு அறிவிப்போடும் சேர்த்து வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும்.

விண்ணப்பிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "பண்பாட்டுப் பரிமாற்றம்" என்று பொதுப்படையாக எழுதும் திட்ட அறிக்கை எந்தத் தேர்வுக் குழுவையும் அசைக்காது. அந்த ஊரில் தங்கினால் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

இக்கடிதத்தை எழுதத் தூண்டிய கேள்விக்கு வருகிறேன். பிறர் கட்டிய வீடுகளில் இடம் கேட்டு நிற்கும் நாம், நம் இளம் கட்டடக் கலைஞர்கள் தங்கிப் பயில அயல்நாட்டில் ஓர் இடத்தை ஏன் ஏற்படுத்தவில்லை? அதற்கு ரோமுக்குப் போக வேண்டியதில்லை; கம்போடியாவில் வாய்ப்புக் காத்திருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை, போர்ச்சூழல் ஓயாத காலத்தில், அங்கோர்வாட்டில் பணியாற்றியது. அப்போது கையாண்ட வேதிமுறைச் சுத்திகரிப்பு குறித்து உலக அளவில் விமர்சனங்கள் எழுந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் அங்கோரில் கெமர் மன்னர் ஏழாம் ஜெயவர்மன் காலத்துத் தா புரோம் கோயிலின் சீரமைப்பை அத்துறை மேற்கொண்டது. பெருமரங்களின் வேர் கவ்விய சுவர்களை எப்படித் தாங்கி நிறுத்துவது என்பதற்குச் சென்னை ஐஐடியின் பொறியாளர்களும், மரங்களின் நலத்துக்கு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தாரும் துணை நின்றனர். ஒரு கல்லை நகர்த்தினால் மரம் சாயுமா, மரத்தை வெட்டினால் சுவர் விழுமா என்று முடிவெடுக்க வேண்டிய அந்த இடத்தை விடச் சிறந்த வகுப்பறை ஓர் இளம் கட்டடக் கலைஞருக்கு எங்கே கிடைக்கும்?

தங்கிக் கற்பதன் பயனுக்கு அங்கோரிலேயே சான்று உண்டு. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஆன்றி மார்ஷல் 1930இல் ஜாவாவுக்குச் சென்று, சரிந்த கற்களை அவற்றின் பழைய இடத்திலேயே மீண்டும் அடுக்கி எழுப்பும் முறையை டச்சுக்காரர்களிடம் நேரில் கற்றுவந்தார். அடுத்த ஆண்டு தொடங்கிய, அங்கோரின் பன்டே ஸ்ரே கோயில் சீரமைப்பு அம்முறையிலேயே நடந்தது.

ஆண்டுக்கு நான்கு பேர் அங்கோரை அடுத்துள்ள சியம் ரீப் நகரில் ஓராண்டு தங்க ஒரு வாடகை வீடும், மாத உதவித்தொகையும், களத்தில் நுழையக் கம்போடிய அரசின் அனுமதியும் போதும். தேர்வாகிறவர்களில் இருவர் கட்டடக் கலைஞர்களாகவும், ஒருவர் தாவரவியல் அறிந்தவராகவும், ஒருவர் நம் ஊர்ச் சிற்பிகளின் பட்டறையில் வளர்ந்தவராகவும் இருந்தால், ரோமின் அகாதெமிகளில் ஓவியரும் தொல்லியலாளரும் ஒரே மேசையில் உண்பதால் விளைவது இங்கும் விளையும். செலவை மத்திய பண்பாட்டு அமைச்சகம் ஏற்கலாம். அது தயங்கினால், ஸ்தபதிகளின் மண்ணான தமிழ்நாட்டின் அரசு முதல் இரண்டு இடங்களுக்குப் பொறுப்பேற்க முன்வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடக்கலை ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி