வேப் பேட்டரியில் பார்க்க வேண்டிய எண்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

வேப் புகையால் நுரையீரலுக்கு வரும் கேடு பற்றித் தங்கள் நாளிதழ் பலமுறை எழுதியுள்ளது. அந்தக் கருவிக்குள் இருக்கும் பேட்டரியைப் பற்றி, கிள்ளானில் மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் நான் எழுத விரும்புகிறேன்.

சென்ற மாதம் ஓர் இளைஞர், தம் கருவி கையில் பிடிக்க முடியாதபடி சுடுகிறது என்று கொண்டுவந்தார். பாதுகாப்புச் சில்லு ஏதுமின்றி, பொத்தானை அழுத்தியதும் பேட்டரி நேரே காயிலோடு, அதாவது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளோடு, இணையும் வகை அது. காயிலை அளந்தேன், மின்தடை 0.15 ஓம். முழுதாகச் சார்ஜ் ஏறிய 18650 பேட்டரியின் (18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட உருளை வகை) அழுத்தம் 4.2 வோல்ட் என்பதால், இரண்டையும் வகுத்தால் 28 ஆம்பியர் வருகிறது. பள்ளியில் படித்த ஓம் விதிதான். ஆனால் அந்தப் பேட்டரியின் மேலுறையில் கொள்ளளவு 9900 மில்லி ஆம்பியர் மணி என்று கொட்டை எழுத்தில் இருந்ததே தவிர, தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்பது எங்கும் இல்லை. தராசில் வைத்தேன், 31 கிராம். நல்ல பேட்டரி ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். பெயர்பெற்ற நிறுவனங்களின் தயாரிப்பே 3600ஐத் தாண்டுவது அரிது. 9900 என்பது அப்பட்டமான பொய்.

கொள்ளளவு என்ற தொட்டி பெரிதாக இருந்தால் மின்னோட்டம் என்ற குழாயும் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாம்சங் 30கியூ என்ற பேட்டரியின் கொள்ளளவு 3000, அதன் தொடர் மின்னோட்ட வரம்பு 15 ஆம்பியர். 2500 மட்டுமே கொண்ட அதே நிறுவனத்தின் 25ஆர் 20 ஆம்பியர் தரும். அந்த 20 ஆம்பியருக்கே 0.21 ஓமுக்குக் கீழே காயில் சுற்றக்கூடாது, 0.3இல் நிறுத்திக்கொள்வது நல்லது. சில்லு உள்ள கருவிகளில் கணக்கு வேறு, வாட்டை வோல்ட்டால் வகுக்க வேண்டும்: ஒற்றைப் பேட்டரியில் 80 வாட் வைத்தால், அழுத்தம் 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது அது 25 ஆம்பியர் இழுக்கிறது.

மேலுறை கிழிந்த பேட்டரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. உள்ளே இருக்கும் உலோகக் கூடு முழுவதும் எதிர்முனை. நேர்முனையை ஒட்டிய விளிம்பில் உறை கிழிந்திருந்தால், சட்டைப்பையில் கிடக்கும் ஒரு சாவி போதும், ஷார்ட் ஆகிவிடும். வேப் கருவி வெடித்து 2018இல் ஃபுளோரிடாவிலும் 2019இல் டெக்சஸிலும் உயிர்கள் போயின. உதிரியாக விற்கப்படும் 18650 பேட்டரிகளை வாங்கவே வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021இல் எச்சரித்தது.

வேப்பை விட்டுவிடுங்கள் என்பதுதான் கடைக்கு வருவோரிடம் நான் முதலில் சொல்வது. விடாதவரின் கையும் முகமும் கருகட்டும் என்று இருந்துவிட முடியாதே. ஆகவே, தொடர் மின்னோட்ட வரம்பு அச்சிடப்படாத பேட்டரியை உதிரியாக விற்கக்கூடாது என்று உள்நாட்டு வாணிப அமைச்சு கடைக்காரர்களுக்கு உத்தரவிட வேண்டும். அந்த இளைஞரின் பேட்டரியை, இரு முனைகளிலும் டேப் ஒட்டி, நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
மின்சாதனப் பழுதுபார்ப்பாளர்,
கிள்ளான்