கேமை நீக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு,

லினக்ஸில் மெனு ஐகானை அழுத்தினால் கேம் திறக்கவில்லை என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, கேமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்று உங்கள் கணினிப் பகுதியில் பதில் போட்டிருந்தீர்கள். அதையே மூன்று முறை செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அவரிடம் ஒன்று கேட்டிருக்கலாம்: கட்டளைகளை டைப் செய்யும் ஜன்னலான டெர்மினலில் திறந்தால் கேம் ஓடுகிறதா? ஓடினால் கேம் நன்றாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் கோளாறு அந்த ஐகானுக்குப் பின்னால் இருக்கும் பத்துப் பதினைந்து வரி டெக்ஸ்ட் ஃபைலில்தான். டாட் டெஸ்க்டாப் என்று முடியும் பெயர் அதற்கு. இந்த ஃபைலைத்தான் லாஞ்சர் என்கிறோம். நாமே எழுதிய லாஞ்சர் என்றால் அது ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் டாட் லோக்கலில், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று உள்ளே போனால் கிடைக்கும். கேமை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அந்த ஃபைலை யாரும் தொடப்போவதில்லை, அப்புறம் எப்படிச் சரியாகும்?

என் கதை இதுதான். ஜிப்பாக இறக்கிய கேம், லாஞ்சரும் நானே எழுதியது. அழுத்தினால் கர்சர் பக்கத்தில் ஒரு வட்டம் சில நொடி சுற்றும், நின்றுவிடும், பிழைச் செய்தி என்று எதுவும் வராது. டெர்மினலிலோ ஜோராக ஓடும், ஏனென்றால் அங்கே நான் கேமின் ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டு அதை ஓட்டுகிறேன். மெனுவிலிருந்து கிளம்பும்போது அது ஹோம் ஃபோல்டரில் நின்றுகொண்டு தன் படங்களையும் ஒலிகளையும் அங்கே தேடுகிறது, கிடைக்காமல் சத்தமில்லாமல் செத்துப்போகிறது. டெஸ்க்டாப் ஃபைலில் 'பாத்' என்று ஒரு வரி சேர்த்து, கேம் ஃபோல்டரின் முழு முகவரியைக் கொடுத்தேன், முடிந்தது வேலை. முழு முகவரி என்பது முக்கியம். டெர்மினலில் நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் அந்த ஃபைலைப் படிப்பதில்லை, அதனால் ஹோம் ஃபோல்டருக்குச் சுருக்கமாக நாம் போடும் நெளிகோடு அங்கே வெறும் நெளிகோடுதான். எதை ஓட்டுவது என்று சொல்லும் 'எக்ஸெக்' வரிக்கும் இதே கதி.

இன்னொரு 'பாத்' இருக்கிறது, பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வேறு. கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று சொல்லும் பட்டியல் அது. பலர் அதை பேஷ்ஆர்சி ஃபைலில் எழுதிவைப்பார்கள். டெர்மினலைத் திறந்தால் அது படிக்கப்படும், மெனுவுக்கு அது பெரும்பாலும் போய்ச் சேருவதே இல்லை. டெர்மினலில் ஓடுவது மெனுவில் ஓடாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பிழைச் செய்தி வராவிட்டால் ஜிடிகே-லாஞ்ச் என்ற கட்டளைக்கு லாஞ்சரின் பெயரைக் கொடுத்து டெர்மினலிலேயே ஓட்டிப் பார்க்கலாம், ஐகானை அழுத்துவதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான், கேமின் புலம்பலும் பல சமயம் அங்கேயே தெரியும். டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் என்ற கட்டளை அந்த ஃபைலில் உள்ள எழுத்துப்பிழைகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். டெஸ்க்டாப் ஃபைலில் 'டெர்மினல்' வரியை ட்ரூ என்று மாற்றச் சொல்வார்கள், கேம் செத்ததும் அந்த ஜன்னலும் சேர்ந்து மூடிக்கொள்வதால் எனக்கு அது உதவவில்லை.

ஆப்களைத் தனித்தனிக் கூண்டில் அடைத்து நிறுவும் ஃப்ளாட்பேக் வழியாக, கேம்களை ஓட்டும் ஸ்டீம் போன்ற ஆப்பை நிறுவியிருந்தால் விஷயம் வேறு. அது தன் கூண்டுக்குள் இருக்கிறது, கேம்கள் வேறு டிஸ்கில் கிடந்தால் அனுமதி கொடுக்காதவரை அதன் கண்ணுக்கே படாது.

அந்த வாசகர் உங்கள் பேச்சைக் கேட்டு இன்னும் கேமை இறக்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்