மிஷின் அண்ணாச்சியின் மஞ்சள் பை

அன்புள்ள எல்லோருக்கும்,

கார்த்திகையில் திடீரென்று என் கையும் காலும் மரத்துப்போனது உங்களுக்குத் தெரியும். நள்ளிரவில் ஆட்டோ எடுத்த தம்பி, மருத்துவமனை வராந்தாவில் துண்டு விரித்துக் கிடந்த மைத்துனர்கள், தன் முறைக்கு வந்த சீட்டுப் பணத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்த எதிர்வீட்டு அக்கா, கடிந்துகொண்டே நடக்கவைத்த பிசியோதெரபிப் பெண்: உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவேன். கால் இப்போது படி ஏறுகிறது.

இங்கே நான் அதிகம் எழுத விரும்புவது மிஷின் அண்ணாச்சியைப் பற்றி.

1979இல் திருநெல்வேலி ஜங்ஷன் அருகே ஓர் அச்சகத்தில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோர்க்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். பதினேழு வயது. அங்கே காலால் ஓட்டும் டிரெடில் அச்சு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவர் அண்ணாச்சி. முதல் மாதமே, எழுத்துகளைக் கோர்த்துச் சட்டத்தில் பூட்டிய பக்கத்தை மிஷினுக்குத் தூக்கிப் போகையில் கைதவறிப் போட்டுவிட்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகை முழுவதும் தரையில் சிதறியது. முதலாளிக்குத் தெரிந்தால் கூலியில் பிடிப்பார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளைப் பொறுக்கினார். கடைசி பஸ் போய்விட்டது. அச்சகத்துத் திண்ணையிலேயே இருவரும் படுத்தோம்.

ஈய எழுத்தே தேவைப்படாத ஆஃப்செட் அச்சு வந்த பிறகு அந்த ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. நாங்களும் ஆளுக்கொரு திசையில் போனோம். முப்பது ஆண்டுகளாக அவரைப் பார்க்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்து நின்றார். கையில் மஞ்சள் பை. உள்ளே எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக் ஒன்று, பழைய துணியில் முடிந்த இரண்டு பிடி பன்னிரண்டு பாயிண்ட் அளவு ஈய எழுத்து. எடைக்குப் போட்ட அன்று கேட்டு வாங்கி வைத்தாராம். ஸ்டிக்கை என் இடக்கையில் வைத்தார். "வலக்கையால் எடுத்துக் கோர் தம்பி. பயிற்சி என்று களிமண் உருண்டையைப் பிசைந்து என்ன ஆகப்போகிறது?" என்றார். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சோறு போட வேண்டாம் என்று என் மனைவியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் காபி குடித்தார்.

முடிச்சில் துதிக்கை வளைந்த பழைய 'லை'யும் கிடந்தது. 1978இல் தமிழ் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து 'லை' இன்றைய வடிவுக்கு மாறிய பிறகும், கல்யாணப் பத்திரிகைக்குப் பழைய எழுத்தே வேண்டும் என்று கேட்டவர்கள் எங்கள் அச்சகத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆசையாக அதை எடுக்கப் போனேன். தடுத்துவிட்டார். பழைய 'லை' ஒரே துண்டு. புதியதற்குக் கொம்பை ஒரு முறை, 'ல'வை ஒரு முறை என்று இரண்டு தடவை எடுக்க வேண்டும். "உனக்கு இப்போது புதியதுதான் நல்லது" என்றார்.

ஒவ்வோர் அச்செழுத்தின் உடலிலும் ஒரு பக்கம் சிறு பள்ளம் இருக்கும். கம்பாசிட்டர் ஒவ்வோர் எழுத்தின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கட்டைவிரல் அந்தப் பள்ளத்தைத் தொட்டதும் தலை எது, கால் எது என்று தெரிந்துவிடும். மரத்துப்போன என் விரலுக்கு வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. எழுத்து நழுவும், பேரன் கட்டிலுக்கடியில் புகுந்து எடுத்துத் தருவான். அண்ணாச்சி செவ்வாய்தோறும் வந்தார். ஒரு வாரமும் தவறவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை காலை, கண்ணை மூடியிருந்தபோது, கட்டைவிரலில் அந்தப் பள்ளம் தட்டுப்பட்டது. சத்தம் போட்டுவிட்டேன். அடுக்களையிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள்.

அன்று மாலைக்குள் ஒரு வரி கோர்த்தேன்: 'நிகழும் மங்களகரமான'. பதினேழு வயதில் நான் முதன்முதலில் கோர்த்த வரி. தலைகீழாகக் கிடந்ததைத் தடங்கல் இல்லாமல் வாசித்தேன்.

வைகாசியில் அண்ணாச்சியின் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையைக் கம்ப்யூட்டரில்தான் செய்யப்போகிறார்கள். முதல் வரியை மட்டும் நான் ஈயத்தில் கோர்த்து, மை தடவி, மஞ்சள் தாள் ஒன்றில் ஒற்றி எடுத்து, பஸ் ஏறி அம்பாசமுத்திரம் போய் அவர் கையில் கொடுப்பேன்.