நியூயார்க் பயணம்: பெற்றோருக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, ஏழாம், எட்டாம் நிலை மாணவர்களை, தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற இரண்டு இடங்களைப் பார்க்க நியூயார்க் அழைத்துப் போகிறோம். டைம்ஸ் ஸ்கொயர் கிடையாது என்றதும் பிள்ளைகளுக்கு வருத்தம். "தமிழ்ப் பள்ளிக்கும் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஓர் அப்பா போன் செய்தார். சாப்பாடு, பண்டிகை பற்றி நம் பிள்ளைகளுக்குத் தமிழில் பேச வருகிறது. தாங்கள் வளரும் ஊரைப் பற்றியும் பேச வரட்டுமே.

முதலில் கூப்பர் யூனியன் என்ற கல்லூரியின் அரங்கம். 1909 நவம்பர் 22 அன்று பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் தொழிலாளர்கள் அங்கே கூடினார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். தலைவர்கள் இரண்டு மணி நேரம் மாறி மாறிப் பேசியும் ஒரு முடிவும் வரவில்லை. அப்போது கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுப் பெண் எழுந்து, தாய்மொழியான இத்திஷில் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி), பேசியது போதும், பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்றார். சுமார் 20,000 பேர் வேலையை விட்டு இறங்கினார்கள்.

குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், ஊசி நூலுக்குக்கூடச் சம்பளத்தில் பிடித்தம் என்று அவர்களுக்குக் குறைகள் ஏராளம். அதில் ஒன்று, தொப்பி வைக்க இடமில்லை என்பது! அம்பது சென்ட்டுக்கு மேல் போகாத தொப்பிதான். அதை வாங்க வாரக்கணக்கில் இரண்டு சென்ட் கேக்கை மட்டும் மதியம் தின்று காசு சேர்த்ததாக லெம்லிக் பத்திரிகையில் எழுதினார். மற்ற பெண்களைப் போல எங்களுக்கும் புதுத் தொப்பி பிடிக்கும், ஏன் பிடிக்கக் கூடாது என்றும் கேட்டார். மறியலுக்கு அலங்காரமாக வந்தவர்களைப் பார்த்து, இவர்களுக்கா கஷ்டம் என்று சில நிருபர்கள் சந்தேகப்பட்டார்கள். காதல் கதைகள், ஐந்து சென்ட் சினிமா என்று அலையும் பெண்களுக்கு அரசியல் எங்கே தெரியும் என்ற இளக்காரமும் இருந்தது. அதே பெண்கள்தான் குளிரில், போலீஸ் அடியையும் வாங்கிக்கொண்டு, 1910 பிப்ரவரி வரை தாக்குப்பிடித்தார்கள். உங்கள் வீட்டில் நெயில் பாலிஷுக்கும் கே-பாப்புக்கும் நடக்கும் சண்டை எனக்கும் தெரியும். என் கட்சி எது என்று இப்போது புரிந்திருக்கும்.

அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான் வாஷிங்டன் பிளேஸ். அங்கே டிரையாங்கிள் என்ற மேல்சட்டை தைக்கும் நிறுவனம் இருந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க மறுத்த நிறுவனம் அது. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தபோது ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. இறந்தவர்கள் 146 பேர். அவர்கள் பெயர்கள் வெளிச்சுவரில் எஃகில் வெட்டப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் அவற்றை நின்று வாசிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

திரும்பி வந்ததும் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும். எல்லாரும் தீ விபத்தையே எழுதிவிடுவார்கள் என்பதால், தொப்பியைப் பற்றியும் நாலு வரி கட்டாயம் என்று சொல்லியிருக்கிறேன்.

காலை 8.30க்குப் பள்ளி வாசலில் இருக்கவேண்டும். நிறைய நடக்க வேண்டும், நல்ல ஷூ போட்டு அனுப்புங்கள். மதியத்துக்குப் புளியோதரையோ சாண்ட்விச்சோ கட்டிக் கொடுத்தால் போதும். ஒப்புதல் படிவம் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். கூட வர நான்கு பெற்றோர் தேவை. கேள்வி கேட்ட அந்த அப்பா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார், இன்னும் மூன்று பேர்.

அன்புடன்,
தலைமையாசிரியர்