ஒரு சீட்டு, ஒரு சொல்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. தாளடி வயல்களில் இன்னும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. நெல்லைக் கொட்டிவைத்துக் கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பவர்களும் உங்களில் இருப்பீர்கள். இந்த நேரத்தில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் பிள்ளை ஏதோ வம்பு செய்துவிட்டான் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. இது சொற்களைப் பற்றிய கடிதம்.

பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். 1952-இல் அதே தேதியில் டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிய மாணவர்கள் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். அவர்கள் நினைவாக யுனெஸ்கோ 1999-இல் இந்த நாளை அறிவித்தது. வழக்கமாக ஒரு பேச்சுப்போட்டி வைத்து முடித்துவிடுவோம். இந்த வருஷம் எனக்கு அதில் மனம் நிறையவில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் போய், "உனக்கு ரொம்பப் பிடித்த சொல் ஒன்றை எழுது, ஏன் பிடிக்கும் என்றும் எழுது" என்றேன்.

முதல் நாள் வந்தவை அன்பு, தமிழ், தாய், வெற்றி. தப்பில்லை. ஆனால் அவை எனக்காக எழுதியவை என்று பார்த்ததுமே தெரிந்தது. மறுநாள் கேள்வியை மாற்றினேன்: "வீட்டில் யார், எந்தச் சொல்லைச் சொன்னால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும்?"

ஒரு பையன் 'பதினேழு' என்று எழுதியிருந்தான். அது எண்ணாயிற்றே என்றேன். "இல்ல டீச்சர், ஈரப்பதம் பதினேழுன்னு அப்பா சொன்னா அன்னைக்கு வீட்டுக்குப் புரோட்டா வரும்" என்றான். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொள்வார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அப்பாவோடு ரோட்டோரம் நெல்லைப் பரப்பி, காலாலேயே வரிவரியாகக் கிளறிவிட்டதையும், சுணை பட்டு ராத்திரியெல்லாம் கால் அரித்ததையும் சொன்னான். அந்த ஒரு எண்ணுக்குள் அவன் வீட்டின் ஒரு வருஷ உழைப்பு இருக்கிறது. இத்தனை வருஷம் கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், பதினேழை இப்படி நான் கேட்டதே இல்லை.

ஒரு பெண் 'ஆறு' என்று எழுதினாள். வெட்டாற்றில் குளிப்பது பிடிக்கும் என்பதுதான் அவள் சொன்ன காரணம். அதற்குள் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆறு என்றால் ஐந்துக்கு அடுத்தது என்றான் ஒருவன். காபி ஆறும் என்றாள் ஒருத்தி. முட்டியைக் காட்டி, "புண்ணும் ஆறும் டீச்சர்" என்றான் இன்னொருவன். பழந்தமிழில் ஆறு என்றால் வழி என்று நான் சேர்த்துச் சொன்னேன். வரலாறு என்பதே வரல், ஆறு என்ற இரண்டும் சேர்ந்ததுதான், வந்த வழி. இவையெல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. ஒலி ஒன்றாக இருந்தாலும் சொற்கள் வேறாக இருக்கலாம் என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். அப்புறம், முத்துப்பேட்டையில் மாமா வீடு இருக்கும் பையன் எழுந்து, "அப்ப அலையாத்திக் காடு?" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அலையை ஆற்றுவதால் அலையாற்றி, அது பேச்சில் அலையாத்தி. அம்மா சூடான பாலை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றுகிற மாதிரி, அந்தக் காடு கடலலையை ஆற்றி அனுப்புகிறது. 2018 கஜா புயலில் அந்தக் காடே முறிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

இன்னொரு தாளில் ஏதோ எழுதி அழித்து, மேலே 'பாட்டி' என்று எழுதியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கீழே 'அப்பாயி'. ஏன் அழித்தாய் என்றேன். "அது தப்பான வார்த்தையா டீச்சர்?" என்று கேட்டது குழந்தை. தப்பே இல்லை. அப்பாவின் ஆயி அப்பாயி, அம்மாவின் ஆயி அம்மாயி. எந்தப் பக்கத்துப் பாட்டி என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது, 'பாட்டி'யில் அது இல்லை. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் அம்மாயி என்று சொன்னதற்குச் சிரித்தார்கள். அதிலிருந்து பாட்டி என்றே பேசிப் பழகி, லீவுக்கு வந்தபோது அம்மாயியையே "பாட்டி" என்று கூப்பிட்டுவிட்டேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பிப் பார்த்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கும் அது நடக்கக் கூடாது. பாடநூல் தமிழைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுப்போம், பரீட்சையில் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் வீட்டுச் சொல்லை அழித்துவிட்டு அதன்மேல் எழுதச் சொல்ல மாட்டோம்.

இப்போது உங்களிடம் கேட்பது. இந்தக் கடிதத்தோடு வெள்ளைச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதில் உங்களுக்குப் பிடித்த சொல் ஒன்றையும், அது ஏன் பிடிக்கும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். எழுதப் படிக்க வராதவர்கள் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்கள் அந்தச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினால் போதும்.

வயல் வேலை பார்ப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தாளடி தெரிகிறது, ஏன் தாளடி என்று தெரியவில்லை. குறுவை அறுத்த தாள் கிடக்கும் நிலத்தில் நடுவதால் அந்தப் பெயர் என்று வகுப்பில் சொன்னவள், நடவுக்குப் போகும் ஓர் அம்மாவின் மகள். மிஷின் வந்தபின் கருக்காய் (மணி பிடிக்காத நெல்), கண்டுமுதல் (அடித்துத் தூற்றிக் கைக்கு வந்த நெல்) போன்ற சொற்கள் பிள்ளைகள் காதில் விழுவதே குறைந்துவிட்டது. உங்களைத் தவிர இவற்றை அவர்களுக்குச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

என் சீட்டையும் எழுதிவிட்டேன். என் சொல் 'வந்துடுச்சு'. எங்கள் ஊர் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும், எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு ராத்திரியில் மடைக்குப் போய்ப் போய்ப் பார்ப்பார். ஒரு ராத்திரி வரப்பிலிருந்தே அவர் போட்ட சத்தம் அது. அம்மா விளக்கேற்றினார். நாங்கள் எழுந்து ஓடினோம். காய்ந்து வெடித்திருந்த வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஒரு பாம்பு மாதிரி மெதுவாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

சீட்டுகளை 20-ஆம் தேதிக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். 21-ஆம் தேதி பிற்பகல் இரண்டரை மணிக்கு அவற்றை வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிடுவோம். அப்பாயி, அம்மாயி, தாத்தா எல்லோரும் வரலாம், சுக்குக் காபி உண்டு. கொள்முதல் நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நெல்லைப் போட்டுவிட்டு வாருங்கள், ஆறு மணி வரை கயிற்றை அவிழ்க்க மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை